விமானக் கம்பெனிக்கு வாரிக் கொடுப்பாங்களாம்! உளுந்துக்கு விலை கொடுத்தா குத்தமாம்!

 

கனடா நாட்டில் ஒரு விமானக் கம்பெனி நொடித்தது. அரசாங்கம் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தியது. அதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பா அறுப்புக்கு முன்னால் ஈரம் பார்த்து நாம் தெளிக்கிற உளுந்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கிறது. முழுசாகப் படியுங்கள்.

கம்பெனியின் பெயர் பொம்பார்டியர். கியூபெக் மாகாணத்தில், பனியில் ஓடும் வண்டி செய்து வளர்ந்த குடும்பக் கம்பெனி. 2008-ல் ‘சி சீரிஸ்’ என்ற புது விமானத்தை அறிவித்தார்கள். 340 கோடி டாலரில் முடியும் என்றார்கள். 540 கோடியைத் தொட்டது. 2013-ல் தரவேண்டிய விமானத்தை 2016-ல்தான் தந்தார்கள். மழை பொய்த்ததா? புகையான் அடித்ததா? இல்லை. போட்ட கணக்கு பிசகிப்போச்சு, அவ்வளவுதான்.

கணக்கு பிசகினால் நம் வீட்டில் நகை அடகுக்குப் போகும். அங்கே என்ன நடந்தது? 2015 அக்டோபரில் கியூபெக் அரசு 100 கோடி அமெரிக்க டாலர் தருவதாக அறிவித்தது. அன்றைய மதிப்பில் சுமார் 6,500 கோடி ரூபாய். அத்தனையும் மக்கள் பணம். பதிலுக்கு முழுக் கம்பெனியில் பங்கு கிடைத்ததா? இல்லை. இழுத்துக் கொண்டிருந்த அந்த ஒரு விமானத் திட்டத்தில் மட்டும் 49.5 சதம். கம்பெனி குடும்பத்தின் பிடியிலேயே இருந்தது. அவர்கள் வைத்திருந்தது ஒரு பங்குக்கு 10 ஓட்டு உள்ள தனிப் பங்கு. பணம் ஊரார் பணம், நாட்டாமை குடும்பத்துக்கு!

“வேலைகளைக் காப்பாத்தத்தான் கொடுத்தோம்” என்றார்கள். தொழிலாளியின் பிழைப்பைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அவனும் நம்மைப் போல உழைத்துச் சாப்பிடுகிறவன். ஆனா நடந்தது என்ன? 2016 பிப்ரவரியில் 7,000 பேருக்கும், அதே வருஷம் அக்டோபரில் 7,500 பேருக்கும் வேலை போகும் என்று கம்பெனி அறிவித்தது. 2017 பிப்ரவரியில் கனடா மத்திய அரசும் 37.25 கோடி கனடா டாலரை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தது. அடுத்த மாதமே, மேலதிகாரிகள் சம்பளம் கிட்டத்தட்ட 50 சதம் ஏறின சேதி வெளியே வந்தது. கொதித்துப்போன மக்கள் மாண்ட்ரியால் தெருவில் இறங்கினார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு பகுதியைத் தள்ளி வைத்தார்கள். தெருவில் இறங்காமல் இருந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது.

அதோடு முடியவில்லை. 2017 அக்டோபரில் அந்த விமானத் திட்டத்தில் 50.01 சதத்தை ஐரோப்பாவின் ஏர்பஸ் கம்பெனிக்கு ரொக்கம் வாங்காமலே கொடுக்க ஒப்பந்தம் போட்டார்கள். 2020-ல் பொம்பார்டியர் 59 கோடி டாலரை வாங்கிக்கொண்டு மொத்தமாக விலகியது. மாகாண அரசின் கையில் மிஞ்சியது 25 சதம். 2022-ல் அதே அரசு இன்னும் 30 கோடி டாலர் போட வேண்டி வந்தது. விமானம் நல்ல விமானம்தான், இன்றைக்கும் பறக்கிறது. ஆனால் மாட்டுக்குத் தீனி போட்டவன் தொழுவத்தில் நிற்கிறான், பால் செம்பு வேற ஆள் கையில்!

இப்போ நம்ம உளுந்துக்கு வருவோம். இந்த உதவியை எதிர்த்து 2017-ல் பிரேசில் நாடு உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தது. “எல்லாம் விதிப்படிதான்” என்றது கனடா. அதே கனடா, 2019 பிப்ரவரியில் அமெரிக்காவோடு சேர்ந்துகொண்டு அதே அமைப்பில் இந்தியா மேல் புகார் வைத்தது. என்ன குற்றம்? கொண்டைக்கடலை, துவரை, உளுந்து, பாசிப்பயறு, மசூர் பருப்பு ஆகிய ஐந்துக்கும் இந்தியா அனுமதித்த அளவுக்கு மேல் ஆதரவு விலை கொடுக்கிறதாம்! அந்த அளவு உற்பத்தி மதிப்பில் 10 சதம். அதை அளக்கும் படியோ 1986-88-ம் வருஷத்து விலை. அன்றைய டீசல் விலையில் இன்றைக்கு உழ முடியுமா? கனடாவுக்கு இதில் என்ன அக்கறை? மசூர் பருப்பு ஏற்றுமதியில் அதுதான் முன்னணி. நம் சந்தை அவர்களுக்கு வேண்டும்.

அறிவித்த விலை நமக்கு முழுசாகக் கிடைக்கிறதா? கொள்முதல் இல்லாமல் வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்த வருஷங்கள் எத்தனை! பயிர்க்கடன் கேட்டால் சிட்டா, அடங்கல், ஜாமீன். விமானக் கம்பெனிக்கு வட்டியும் கிடையாது!

அரசு கைகொடுக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. கைகொடுத்தால் எல்லாருக்கும் ஒரே நியாயமாகக் கொடு என்கிறோம்.

நமது கோரிக்கைகள்:

– பருப்பு வகை எல்லாவற்றுக்கும் ஆதரவு விலையைச் சட்டமாக்கு! அறுப்பு நேரத்தில் கொள்முதல் செய்!

– உலக வர்த்தக அமைப்பின் 1986-88 படிக்கல்லைத் தூக்கி எறிய, மத்திய அரசே குரல் கொடு!

– கம்பெனிக்குப் பொதுப்பணம் கொடுத்தால் வேலைக்கும் சம்பளத்துக்கும் நிபந்தனை போடு! அதை மக்கள் முன் வை!

மாண்ட்ரியால் தெருவில் நின்றவர்கள் கேட்டதால்தான் கொஞ்சமாவது நடந்தது. நாமும் கேட்போம். ஊர் ஊராகக் கூடுவோம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!