விருந்துக்கு முன்னால்

ஒரு ஸ்தாபனத்தின் பெயரில் 'சர்வதேச' என்ற சொல் இருந்துவிட்டால் நம்மில் பலருக்கு உடனே கை கூப்பத் தோன்றிவிடுகிறது. எனக்குத் தோன்றுவதில்லை. கத்தோலிக்க சர்வகலாசாலைகளின் சர்வதேச சம்மேளனத்தைப் பற்றி, கல்லூரி ஆசிரியரான நண்பர் ஒருவர் என்னிடம் மணிக்கணக்காகப் புகழ்ந்து பேசினார். பட்டம் வாங்காத எனக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்ற இரக்கமும் அவர் பேச்சில் இருந்தது. இருக்கட்டும்.

சம்மேளனம் நேற்றுப் பிறந்ததல்ல. 1924-ல் மிலான், நைமேகன் சர்வகலாசாலைகள் இரண்டும் சேர்ந்து போட்ட விதை அது. 1967-ல் அதன் தலைவராயிருந்த ஹெஸ்பர்க் பாதிரியார், அமெரிக்காவில் லேண்ட் ஓ லேக்ஸ் என்ற ஊரில் ஒரு கூட்டம் கூட்டினார். வெளியதிகாரம் எதுவும், அது மதகுருமாருடையதாகவே இருந்தாலும், சர்வகலாசாலையைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று அங்கே கூடியவர்கள் அறிக்கை விட்டார்கள். துணிச்சலான அறிக்கைதான். 1990-ல் போப் இரண்டாம் ஜான் பால் வேறு விதமாகச் சட்டம் செய்தார். பிஷப்புக்கும் பேராசிரியருக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஆனால் துப்பாக்கி பிஷப்பிடமிருந்து வரவில்லையே! 1989 நவம்பர் 16-ந் தேதி, எல் சால்வடாரின் தலைநகரான சான் சால்வடாரில், ஏசு சபையாரின் சர்வகலாசாலைக்குள் ராணுவத்தார் புகுந்து ஆறு குருமாரையும், சமையற்காரியையும், அவள் மகளையும் சுட்டுக் கொன்றார்கள். 2023 ஆகஸ்டில் நிகராகுவா அரசாங்கம், மனாகுவாவில் 1960-லிருந்து நடந்துவந்த ஏசு சபைச் சர்வகலாசாலையைப் 'பயங்கரவாத மையம்' என்று சொல்லிக் கட்டடத்தோடும் பணத்தோடும் பறித்துக்கொண்டது. 2018-ல் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பியவர்களில் அதன் மாணவர்களும் உண்டு என்பதைச் சொன்னால் போதும். பாக்கியை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த மாணவர்கள் படிப்பைத் தொடர இடம் தருகிறோம் என்று முன்வந்தவர்கள் யார்? ரத்தம் சிந்திய அதே சான் சால்வடார்ச் சர்வகலாசாலை. பக்கத்துக் குவாத்தமாலாவின் ரஃபேல் லாண்டிவார் சர்வகலாசாலை. ஒத்துழைப்பு என்று நான் ஒப்புக்கொள்வது இதைத்தான்.

"அவர்கள் ஒரே சபையார், பல கூட்டங்களில் பழகியவர்கள். பழக்கம் இருந்ததால்தானே கதவு திறந்தது?" என்கிறார் நண்பர். வாஸ்தவம். கூட்டமே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கதவு திறப்பது அண்டை வீட்டுப் பழக்கத்தையும் தயாளத்தையும் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்கிறேன். அங்கத்தினர் ஒருவரின் வாசல் பூட்டப்பட்டால், அந்த மாணவன் படித்து முடித்த வருஷங்களை மற்றவர்கள் அப்படியே ஏற்க வேண்டும். அவன் ஆசிரியருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். இதை விதியாகவே எழுதி வைக்கட்டும்.

பாடத்திட்டங்கள் ஒத்துவராதாம்! அப்படியானால் உட்கார்ந்து எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று பார்க்கட்டும். அடுத்த மகாநாட்டின் முதல் நாள் வேலையாக அது இருக்கட்டும். விருந்தை இரண்டாம் நாள் வைத்துக்கொள்ளலாம்.