கோயிலுக்குள் ஏது சாதி?

தேர்தல் வந்தால் கத்தோலிக்கர்களாகிய எங்களுக்கு ஒரே கேள்விதான்: எந்தக் கட்சி சிறுபான்மையினருக்கு எதிரி? தாராசுரத்தில் வாக்களிக்கும் நானும் அதைக் கேட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறேன். ஆனால் அந்த வாக்கை ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே செல்லாததாக்குகிறோம்.

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறித்தவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. சீக்கியர்கள் 1956இலும் பௌத்தர்கள் 1990இலும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர்களையும் இசுலாமியர்களையும் சேர்க்க முடியாது என்பதற்கு 2022இல் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்ன காரணம், அந்த மதங்களில் தீண்டாமை இல்லை என்பது.

"கோயிலுக்குள் ஏது சாதி? பிரிவினை பேசாதே" என்று பங்குகளில் வாயடைப்பவர்களும் அதைத்தானே சொல்கிறார்கள்?

திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித்துகளைப் பிரித்துச் சுவர் எழுப்பியது எந்தச் சங்கி? எங்கள் கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையம் பங்கில் பாகுபாடு காட்டப்படுவதாகத் தலித் கத்தோலிக்கர்கள் தொடுத்த வழக்கில், 2025இல் உச்ச நீதிமன்றமே நோட்டீஸ் அனுப்பியது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்திய ஆயர் பேரவையே 2016இல் தன் தலித் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனாலும் சாதி பார்த்துச் சம்பந்தம் பேசி முடித்த பிறகுதான் பீடத்தில் ஓலை வாசிக்கப்படுகிறது.

பாசிசத்துக்கு எதிராக வாக்களிப்போம், அதில் மாற்றமில்லை. ஆனால் வேட்பாளரிடம், "1950 ஆணையைத் திருத்தக் குரல் கொடுப்பீர்களா?" என்று கேட்கும் அதே வாய், பங்குப் பேரவையில், "கல்லறைச் சுவர் எப்போது இடியும்?" என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வியைக் கேட்காதவருக்கு முதல் கேள்வியைக் கேட்கும் தகுதி ஏது?