ஏழரை ஆண்டுகளாக ஒரு வீண் பயம்

சனி ஒன்றுதான். அதன் பெயர்ச்சிக்கோ இரண்டு தேதிகள். அது கும்பத்தை விட்டு மீனத்துக்குப் போன நாள், திருக்கணித பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29. வாக்கிய பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைத்தான் பின்பற்றுகிறது. அப்படியானால் இடைப்பட்ட பதினோரு மாதமும் மகர ராசிக்காரருக்கு ஏழரை விலகியிருந்ததா, பிடித்திருந்ததா? மேஷ ராசிக்காரருக்குத் தொடங்கியதா, இல்லையா? இரண்டு தேதிக்கும் பலன் எழுதினார்கள், இரண்டையும் மக்கள் நம்பினார்கள்.

இந்தக் குழப்பத்துக்குப் பழைய வானியலாரைக் குறை சொல்லக் கூடாது. தொலைநோக்கி இல்லாத காலத்தில், 499-ஆம் ஆண்டையொட்டி எழுதிய ஆரியபட்டரின் கணக்குப்படி சனி ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 10,766 நாள். இன்றைய அளவு 10,759. ஏறக்குறைய முப்பது ஆண்டுப் பயணத்தில் ஏழே நாள் வித்தியாசம் என்பது அபாரமான உழைப்பு. ஆனால் அந்த ஏழு நாளைத் திருத்தாமல் விட்டால் ஐம்பது சுற்றில் ஏறத்தாழ ஓராண்டாகச் சேர்ந்துவிடும். அவர்கள் வானத்தைப் பார்த்து எழுதினார்கள். பின்வந்தவர்கள் ஏட்டை மட்டும் பார்த்தார்கள்.

'அனுபவத்தில் கண்டோமே' என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். சனி ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு இருக்கிறது. ஏழரைக்கு மூன்று ராசி. பன்னிரண்டில் மூன்று என்றால், எந்த நாளிலும் மனிதகுலத்தில் ஏறத்தாழ கால் பங்குக்கு ஏழரை நடக்கிறது. அஷ்டமச் சனியையும் அர்த்தாஷ்டமச் சனியையும் சேர்த்தால் ஐந்து ராசிகள். அறுபது வயதானவர் பதினைந்து ஆண்டுகளை ஏழரையில் கழித்திருப்பார். பதினைந்து ஆண்டில் நோயோ நட்டமோ சாவோ எட்டிப் பார்க்காத வீடு எது? போதாததற்கு மங்கு சனி, பொங்கு சனி, மரணச் சனி என்று மூன்று சுற்றுக்கும் தனித்தனிப் பெயர். கெட்டது நடந்தாலும் நல்லது நடந்தாலும் சனிதான் காரணம். எது நடந்தாலும் பொய்க்காத கணிப்பு எதையும் கணிக்கவில்லை.

சரி, அந்தச் சனி எப்படிப்பட்டது? சூரியனிலிருந்து சுமார் 143 கோடி கிலோமீட்டர் தொலைவில் சுற்றும் வாயுக் கோளம். பூமியைப் போல் 95 மடங்கு நிறை இருந்தும் அதன் சராசரி அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. அதைச் சுற்றியுள்ள வளையங்களில் பெரும்பகுதி பனிக்கட்டித் துண்டுகள். காசினி விண்கலம் 2004 முதல் 2017 வரை பக்கத்திலிருந்தே அதை ஆராய்ந்தது. என்சலடஸ் என்ற சிறு நிலவின் தென்துருவப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதைக் கண்டது. காசினி சுமந்து சென்ற ஹைகன்ஸ் கலம், 2005 ஜனவரி 14 அன்று, நம் ஊரில் பொங்கல் நாளில், டைட்டன் நிலவில் இறங்கிப் படம் அனுப்பியது.

சனி 'குடியிருந்த' கும்பமும் ஒரு வீடல்ல. அந்தத் திசையில் டிராப்பிஸ்ட்-1 என்ற மங்கலான விண்மீன் 40 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. பூமியளவில் ஏழு கோள்கள் அதைச் சுற்றுகின்றன. அதே திசையில் ஹெலிக்ஸ் நெபுலா சுமார் 650 ஒளியாண்டு. இன்னும் பின்னால் என்ஜிசி 7252 என்ற விண்மீன் மண்டலம், சுமார் 22 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால். இவை எல்லாவற்றுக்கும் வெகு முன்னால், வெறும் எண்பது நிமிட ஒளித்தொலைவில் நகரும் சனி இவற்றில் எதற்குள் நுழைந்தது, எதை விட்டு வெளியேறியது?

கோயிலுக்குப் போவது அவரவர் பக்தி, அதன்மேல் வழக்கில்லை. வழக்கெல்லாம் அஷ்டமச் சனி என்று நல்ல வரனைத் தட்டிக்கழிப்பதன் மேலும், கடன் வாங்கிப் பரிகாரம் செய்ய வைப்பதன் மேலும்தான். 2025 மார்ச் 23 அன்று, திருக்கணிதப் பெயர்ச்சிக்கு ஆறு நாள் முன்பு, சனியின் வளையம் பூமிக்கு விளிம்பைக் காட்டி நின்றது. இனி சில ஆண்டுகளுக்கு அது மெல்ல அகன்று தெரியும். பார்க்கச் சிறிய தொலைநோக்கியே போதும். பெயர்ச்சிப் பலன் புத்தகம் வாங்கும் வீடுகளில் பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது இந்தச் சனியை.