முடக்கி வைப்பது பாதுகாப்பு ஆகாது

கோடை பிறந்ததும் நம் வீடுகளில் முதியவர்களுக்கு இடப்படும் முதல் கட்டளை, "வெளியே போகாதீர்கள், பேசாமல் படுத்திருங்கள்" என்பதே. அக்கறையில் பிறந்த சொல்தான் அது. ஆயினும், பங்குனி முதல் வைகாசி வரை ஒருவரைக் கட்டிலிலேயே இருத்தி வைப்பது அவருக்கு நன்மை செய்யாது என்பது என் கருத்து.

வெயிலின் ஆபத்து உண்மையானது. வயது கூடக்கூட வியர்வைச் சுரப்பு குறைகிறது. தாக உணர்வு மங்குகிறது. உடல் வெப்பத்தைத் தோலின் வழியே வெளியேற்ற இதயம் கூடுதலாக உழைக்க நேர்கிறது. 2003 ஆகஸ்டில் ஐரோப்பாவைத் தாக்கிய வெப்ப அலையின்போது பிரான்சில் மட்டும் வழக்கத்தைவிட ஏறத்தாழ 15,000 பேர் கூடுதலாக இறந்தனர். பெரும்பாலோர் 75 வயதைக் கடந்தவர்கள். அவர்களில் பலர் வெயிலில் அலைந்தவர்கள் அல்லர். தம் வீட்டு அறைகளிலேயே துணையின்றி இருந்தவர்கள். வீட்டுக்குள் இருப்பது மட்டுமே காப்பு ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் ஊர்களில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவு முழுவதும் உள்ளே இறக்கும். அந்த அறையில் முதியவர் படுத்திருந்தால், கோடை முடியும்வரை கீழ்த்தளத்திற்கோ காற்றோட்டமுள்ள கூடத்திற்கோ அவரை மாற்றுங்கள்.

அடுத்தது நடை. அசைவின்றிக் கிடக்கும் முதியவரின் கால் தசை சில நாட்களிலேயே மெலியத் தொடங்குகிறது. இழந்த வலுவை மீட்கப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் ஒருமுறை தடுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். ஆகவே நடைப்பயிற்சியை நிறுத்தாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். மாலையில் சுவரும் சாலையும் அனல் வீசும், விடியற்காலையே உகந்தது. புழுக்கம் மிகுந்த நாளில் கூடத்திலேயே நடக்கலாம். நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமரலாம். தலைசுற்றலோ நெஞ்சில் அழுத்தமோ தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

"எத்தனை முறை சொன்னாலும் தண்ணீர் குடிப்பதில்லை" என்று பராமரிப்போர் வருந்துவதுண்டு. அதனைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். குடித்தால் நள்ளிரவில் எழ வேண்டும், இருட்டில் கழிப்பறைக்குச் செல்ல வேண்டும், பிறரை எழுப்ப வேண்டும் என்ற கூச்சமும் அச்சமுமே பலரைத் தடுக்கின்றன. வழியில் ஒரு சிறு விளக்கும், சுவரில் ஒரு கைப்பிடியும், வழுக்காத தரையும் அமைத்துக் கொடுங்கள். பகற்பொழுதில் சிறிது சிறிதாக, கேட்காமலே நீட்டுங்கள். நூறு அறிவுரைகள் செய்யாததை இந்த ஏற்பாடு செய்யும்.

இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் நீரின் அளவை மருத்துவரே வரையறுக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதுற்றவர்கள் கேட்காமல் அருந்தலாகாது. மோரில் உப்பைக் கூட்டுவது இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஏற்றதன்று. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளும், சில இரத்த அழுத்த, மனநல மருந்துகளும் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடும். அவற்றைத் தாமாக நிறுத்தாமல், கோடைக்கு முன்பே மருந்துச் சீட்டுடன் வந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை. வெப்பத்தில் இருந்த முதியவர் திடீரெனக் குழம்பிப் பேசினால், தள்ளாடினால், உடல் கொதித்தால், அதனை முதுமையின் தளர்ச்சி என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீரைத் தெளித்து விசிறுங்கள். நினைவு மங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இந்த வெப்பத்தைத் தணிக்காது.

தம் காலில் நின்று, தம் வேலையைத் தாமே செய்துகொள்வது முதியவர்களுக்கு உயிரினும் இனியது. கோடை கழியும்போது அவர்கள் உயிரோடு இருந்தால் போதும் என்று நினைப்பது குறைவான இலக்கு. ஆடி பிறக்கும்போது, பங்குனியில் நடந்த அதே தெருவை அவர்கள் மீண்டும் நடந்து கடக்க வேண்டும். நம் பராமரிப்பு அதற்காக அமையட்டும்.