பழங்காசு சேர்த்தல்: விலையா, வரலாறா?

தபால்தலை சேர்ப்பவர்கள் உண்டு. தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்களும் ஒரு காலத்தில் நம் பக்கத்தில் நிறைய இருந்தார்கள். சிவகாசி அருகில்தானே இருக்கிறது! பழைய நாணயமும் நோட்டும் சேர்ப்பவர்கள் இவர்களினும் சற்று வேறானவர்கள். அவர்கள் சேர்க்கும் பொருளின்மீது முன்பே ஒரு விலை எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் ஆசை வெகு எளிதில் புகுந்துவிடுகிறது. நம் மாணவியரில் சிலர் பழங்காசு சேர்க்கிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவர்கள் காசை நீட்டியதும் கேட்கும் முதற் கேள்வி, "டீச்சர், இது எவ்வளவுக்குப் போகும்?" என்பதாக இருக்கிறது. "இது எங்கே கிடைத்தது?" என்பதல்லவா முதற் கேள்வியாக இருக்க வேண்டும்? விலையைப் பற்றிய கேள்வி கேட்கப்படாமலே போனாலும் நட்டமில்லை என்பது என் கருத்து.

மறைக்கல்வி வகுப்பில் நாம் அனைவரும் படித்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். சீசருக்கு வரி செலுத்துவது முறையா என்று சிலர் இயேசு ஆண்டவரைச் சிக்கவைக்கக் கேட்டபோது, அவர் ஒரு தெனாரியத்தைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள உருவம் யாருடையது என்று வினவினார். அப்போது ரோமையில் ஆண்டவன் திபேரியு. ஆகவே அந்தக் காசு திபேரியுவின் வெள்ளித் தெனாரியமாக இருக்கக்கூடும் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அதே திபேரியுவின் தெனாரியங்கள் நம் தமிழ்நாட்டு மண்ணிலிருந்து, சிறப்பாகக் கோயம்புத்தூர்ப் பகுதிப் புதையல்களிலிருந்து, நிறையக் கிடைத்திருக்கின்றன. மிளகுக்கும் முத்துக்கும் மெல்லிய துணிக்கும் விலையாக அவை கடல் கடந்து வந்தன. வைகை ஆற்று மணலிலும் சிறுசிறு ரோமானியச் செப்புக்காசுகள் அகப்பட்டிருக்கின்றன. யூதேயா நாட்டில் ஆண்டவருக்குக் காட்டப்பட்ட காசின் உடன்பிறப்பு நம் ஊர் மண்ணிலும் கிடந்தது என்று எண்ணிப் பாருங்கள்!

இதை நாம் எப்படி அறிந்தோம்? காசில் திபேரியுவின் முகம் மட்டுமே இருக்கிறது. அது கோவைக்கு வந்த செய்தி அதில் இல்லை. கிடைத்த இடத்தை யாரோ ஒருவர் எழுதி வைத்ததால்தான் அறிந்தோம். எழுதாமல் விட்டிருந்தால் அது வெறும் ரோமானியக் காசு. லண்டன் கடையிலும் வாங்கலாம்.

புதுக்கோட்டைப் பக்கத்தில் கறுக்காக்குறிச்சி என்ற ஊரில் 1898ஆம் ஆண்டு ஒரு புதையல் கிடைத்தது. அதில் ரோமானியப் பொற்காசுகள் 501 இருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் வெட்டுத் தழும்பு காணப்பட்டது. வெட்டுப்பட்ட காசு ஒன்றே ஒன்று கிடைத்திருந்தால், மண்வெட்டி பட்டதென்றோ யாரோ விளையாட்டாகக் கீறினார்கள் என்றோ ஒதுக்கியிருப்போம். நானூறுக்கு மேற்பட்ட காசுகளில் ஒரே வகைத் தழும்பு என்றால் அது விளையாட்டல்ல, ஒரு முடிவு. இனி இவை காசாகச் செல்லாது, பொன்னாக நிறுத்தே கொள்ளவேண்டும் என்று அறிவிக்க அவ்வாறு வெட்டினார்கள் என்பர். அந்தப் புதையலை ஆளுக்கொரு காசாகப் பங்கிட்டுத் தட்டானிடம் கொண்டுபோயிருந்தால் இந்தச் செய்தி முழுவதும் உலைக்களத்தில் உருகிப் போயிருக்கும். எத்தனை புதையல்கள் அப்படி உருகினவோ!

நம் பாண்டிய நாட்டுக் கதையும் இதுவே. சங்ககாலப் பாண்டியரின் செப்புக்காசு பெரும்பாலும் சதுரமாக இருக்கும். ஒரு பக்கம் யானை. மறுபக்கம் சில கோடுகளிலேயே அமைந்துவிட்ட மீன். 'தினமலர்' ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் இத்தகைய காசுகளைத் தேடித் தேடிச் சேர்த்து ஆராய்ந்தவர், 2021இல் காலமானார். 'பெருவழுதி' என்று தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த காசை 1980களில் அவர் வெளிப்படுத்தியது பெருஞ்செய்தி. பெருவழுதி என்ற பெயரைப் புறநானூற்றில் மட்டுமே படித்துவந்த நமக்கு, அந்தப் பெயரை அந்தக் காலத்து மக்களே கையில் வைத்து அரிசி வாங்கியிருப்பார்கள் என்று காட்டியது, விரல் நகத்தினும் சற்றே பெரிய அந்தச் செம்புத் துண்டு. பழைய மதுரை மாவட்டத்தில் இருந்த போடிநாயக்கனூரில் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுப் புதையலிலும் பாண்டியர் சின்னம் உண்டு. கீழடியிலும் 2021இல் ஒரு வெள்ளி முத்திரைக் காசு வெளிவந்தது. அகழாய்வில் எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில் என்று அளந்து குறித்துக்கொண்டே எடுப்பார்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் காசுக்கு வாய் இல்லை.

மன்னர்களோடு நின்றுவிட வேண்டாம். நம் வீட்டுப் பரணில் இருக்கும் காசுகளை எடுத்துக்கொள்வோம். பித்தளைச் செம்பிலும் சுருக்குப் பையிலும் கிடந்தவற்றுள் பாதிக்கு மேல் தெருவில் கூவிவந்த பேரீச்சம்பழக்காரரிடம் போய்விட்டன. மிஞ்சியவற்றில் ஒரு ஓட்டைக் காலணாவாவது இருக்கும். நடுவில் வட்டத் துளையுள்ள இந்தக் காசு 1943 முதல் 1947 வரை அடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த நடுவிலிருந்த செம்பை எடுத்துவிட்டார்கள். ஐரோப்பாவிலும் பர்மாவிலும் நடந்த போர் பேரையூர்ச் சந்தையில் காய் வாங்கியவர் கையிலும் ஓட்டையாக வந்து சேர்ந்தது. உலக வரலாற்றைக் கற்பிக்க இதைவிட மலிவான கருவி எனக்குத் தெரியவில்லை.

அந்நாளில் ரூபாய்க்குப் பதினாறு அணா; அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. 1957 ஏப்ரல் 1 அன்று நூறு நயா பைசா ஒரு ரூபாய் என்ற கணக்கு வந்தது. ஓரணா என்பது ஆறேகால் நயா பைசா. அந்தக் கால் பைசாவைக் கடைக்காரர் விட்டுக்கொடுப்பாரா, வாங்குபவர் விட்டுக்கொடுப்பாரா? உங்கள் பாட்டியைக் கேளுங்கள். கணக்கும் வரும், சிரிப்பும் வரும். (1964இல் 'நயா' என்ற சொல் நீங்கியது. பைசா பழகிவிட்டது போலும்.)

காசு மறைந்தாலும் அதன் பெயர் நம் பேச்சில் நின்றுவிடுகிறது. சல்லிக்காசுகளைத் துணியில் முடிந்து காளையின் கொம்பில் கட்டியதால்தான் சல்லிக்கட்டு என்பார்கள் நம் பக்கத்துப் பெரியவர்கள். அது வீரத்தின் கதை. இன்னொரு சொல்லைப் பெண் பிள்ளைகளாகிய நீங்கள் அறிந்தே ஆகவேண்டும். பெண் பார்க்க வருபவர்கள் "எத்தனை சவரன் போடுவீர்கள்?" என்று கேட்கிறார்களே, அந்தச் சவரன் என்பதும் ஒரு நாணயத்தின் பெயர்தான். பிரிட்டனின் 'சாவரின்' என்ற பொற்காசு அது. எடை ஏறத்தாழ எட்டுக் கிராம். பவுன் என்பதும் அதே காசின் மற்றொரு பெயர். விக்டோரியா அரசியின் தலை பொறித்த காசு எப்போதோ புழக்கத்திலிருந்து போய்விட்டது. ஆனால் அதன் எடை மட்டும் நகைக்கடைத் தராசிலும் கல்யாணப் பேச்சிலும் உட்கார்ந்துகொண்டு இன்றும் நம் பெண்களை நிறுத்துக்கொண்டிருக்கிறது. பெற்றோர் கோபித்துக்கொள்ளக் கூடாது. காசின் வரலாற்றைப் படித்தால் இதையும் படிக்க வேண்டித்தான் வரும்.

புதுக்கோட்டை அம்மன் காசு எனக்குப் பிடித்தமானது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம். மறுபக்கம் 'விஜய' என்ற தெலுங்கு எழுத்து. நவராத்திரி நாட்களில் அரிசியோடு சேர்த்து ஏழைகளுக்கு வழங்குவதற்குப் பயன்பட்ட சின்னஞ்சிறு செப்புக்காசு இது. இருபது கொடுத்தால்தான் ஓரணா. 1948இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் இதன் காலம் முடிந்தது. நற்செய்தியில் ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசுகளும் இப்படித்தான், அந்த நாட்டிலேயே மிகச் சிறியவை. பெரிய காசுகள் பெட்டகத்தில் தூங்கும். சிறிய காசுகளே ஏழைகளின் கைகளில் நடக்கும்.

இதனாலேயே நினைவு நாணயங்களைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இந்திய அரசு 1964இல் நேருவின் நினைவாக நாணயம் வெளியிட்டதிலிருந்து இந்த வரிசை வளர்ந்துகொண்டே வருகிறது. 1975இல் அனைத்துலக மகளிர் ஆண்டுக்காகவும் 1980இல் கிராமப்புற மகளிர் முன்னேற்றத்துக்காகவும் பத்துப் பைசா நாணயங்கள் வந்தன. 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்குத் திருவள்ளுவர் உருவத்தோடு வந்தது. காமராசர் நாணயம் 2004இல் வந்தது. அண்ணாவின் தமிழ்க் கையெழுத்தோடு ஐந்து ரூபாய் நாணயம் 2009இல் வந்தது. அதே ஆண்டில் புனித அல்போன்சாவுக்கும், 2010இல் அன்னை தெரேசாவுக்கும் ஐந்து ரூபாய் நாணயங்கள் வந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010இல் ஆயிரம் ரூபாய் நாணயமே வந்தது. அதை வெல்வெட்டுப் பெட்டியில் வைத்துத்தான் பார்க்கலாம். அதைக் கொடுத்து யாரும் பூ வாங்கியதில்லை. பேருந்து நடத்துநர் பையிலும் பூக்காரம்மா மடியிலும் உருண்டு, கன்னம் தேய்ந்துபோன அல்போன்சா நாணயம் ஒன்று தற்செயலாக உங்களிடம் வந்தால், அதற்கு ஈடாக அந்தப் பெட்டியை நான் வாங்கமாட்டேன்.

நினைவு நோட்டு என்றால் 1969ஐச் சொல்லவேண்டும். காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி ரிசர்வ் வங்கி 2, 5, 10, 100 ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. அவற்றில் காந்தியடிகள் அமர்ந்திருக்க, பின்னால் சேவாகிராம ஆசிரமம் தெரியும். நம் நோட்டில் காந்தியடிகள் தோன்றியது அப்போதுதான். பிறகு 1987இல் ஐந்நூறு ரூபாயிலும், 1996 முதல் எல்லா நோட்டுகளிலும் அவர் முகம் இடம்பெற்றது. சேவாகிராமம் வார்தாவுக்கு அருகில் இருக்கிறது. அந்த வார்தாவிலிருந்து கிராமக் கைத்தொழில் இயக்கத்தை நடத்திய பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா, தஞ்சையில் பிறந்த கிறிஸ்தவர். தம் கடைசி ஆண்டுகளில் வாழ நமக்குப் பக்கத்திலுள்ள தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்தார். 1960 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், மதுரையில் காலமானார். அந்த நோட்டு உங்கள் வீட்டில் இருந்தால் அது எத்தனை ஆயிரத்துக்குப் போகும் என்று தேடுவதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லுப்பட்டிக்குப் போய்வருவது மேல்.

விலை பேசுவோரைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பழைய ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக் கணக்கில் தருகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள் என்று கைப்பேசியில் செய்தி வருகிறது. ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்றும், தான் அத்தகைய வேலையில் ஈடுபடுவதே இல்லை என்றும் அவ்வங்கி 2021இல் அறிவித்தது. ஐந்து ரூபாயை லட்சம் என்று நம்புகிற நாம், செல்லுபடியாகும் பத்து ரூபாய் நாணயத்தைச் செல்லாது என்று மறுத்ததையும் என்ன சொல்ல! பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018இல் வங்கியே சொல்லவேண்டியதாயிற்று.

மண்ணில் கிடைப்பது வேறு வகை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கரிசல் காட்டில் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ உங்கள் வீட்டார் கண்ணில் ஏதேனும் பட்டால், கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அது அருங்காட்சியகத்தில் ஊர்ப்பெயரோடு இருக்கும். தட்டானிடம் போனால் ஒரு மோதிரமாகும், அவ்வளவுதான்.

சேர்க்கும் முறையில் ஒன்றே ஒன்றை வற்புறுத்துவேன். காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குப் பளபளப்பு அழகு. செப்புக்காசின்மேல் படிந்த பச்சையும் கருமையும் அதன் வயது. புளி அந்த வயதோடு எழுத்தையும் தின்றுவிடும். விளிம்பைப் பிடித்து எடுங்கள், காகித உறையில் வையுங்கள், உறையின்மேல் எழுதுங்கள்.

வரும் ஜூனில் பள்ளி திறந்ததும் நூலகத்தில் நீள நோட்டு ஒன்று வைக்கலாம் என்று தலைமைச் சகோதரியிடம் கேட்டிருக்கிறேன். காசை யாரும் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டாம். அது வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும். பென்சிலால் காகிதத்தில் தேய்த்து எடுத்த அச்சு போதும். அதை ஒட்டி, என்ன காசு, எந்த ஆண்டு, யாரிடமிருந்து வந்தது, அவருக்கு எங்கே கிடைத்தது என்று நான்கு வரி எழுதுங்கள். விலைக்கு அந்த நோட்டில் கட்டம் போடப்போவதில்லை.