அப்பா சொன்ன ஒன்பதாவது கோள்



அண்மையில் வகுப்பில் கோள்களைப் பற்றிப் பாடம் நடத்தினேன். "சூரியனைச் சுற்றி வரும் கோள்கள் எட்டு" என்று பலகையில் எழுதியதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சார், எங்கப்பா ஒம்போதுன்னு சொன்னாரு. புளூட்டோன்னு ஒன்னு இருக்காம்."

மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் வாடிப்போயிற்று. அவன் தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுகிறவர். இதே பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். "சிரிக்காதீர்கள். நானும் ஒன்பது என்றுதான் படித்தேன்" என்றேன். வகுப்பு அமைதியாயிற்று.

கோவிலில் நாம் சுற்றி வரும் நவக்கிரகக் கணக்கு வேறு. அதில் சூரியனும் சந்திரனும் ராகு கேதுவும் உண்டு, பூமி இல்லை. பள்ளிப் புத்தகத்தில் இருந்த ஒன்பது, புதன் முதல் புளூட்டோ வரை. அந்தப் புளூட்டோவுக்கு என்ன நேர்ந்தது?

அதைக் கண்டுபிடித்தவர் கிளைட் டாம்பா. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து விவசாயி மகன். ஆலங்கட்டி மழையில் குடும்பத்தின் பயிர் பாழாகிவிட, கல்லூரிக்குப் போகும் ஆசையும் அதோடு போயிற்று. ஆனாலும் பையன் வானத்தை விடவில்லை. பழைய காரின் பாகங்களையும் வயல் இயந்திரங்களின் துண்டுகளையும் சேர்த்து, கண்ணாடியைத் தானே தேய்த்து, தொலைநோக்கி செய்துகொண்டார். அதில் பார்த்த செவ்வாயையும் வியாழனையும் வரைந்து, அரிசோனாவிலுள்ள லோவெல் வானாராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினார். 1929இல் அங்கே வேலை கிடைத்தது.

வேலை என்ன தெரியுமா? இரவில் வானத்தைப் படம் எடுப்பது. பிறகு, ஒரே இடத்தை வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பது. ஒவ்வொரு படத்திலும் ஆயிரக்கணக்கான புள்ளிகள். நட்சத்திரம் அசையாது, கோள் மட்டும் இடம் மாறியிருக்கும். 1930ஆம் ஆண்டு ஜனவரி 23, 29 ஆகிய நாட்களில் எடுத்த படங்களில் ஒரு சிறு புள்ளி நகர்ந்திருந்தது. பிப்ரவரி 18ஆம் நாள் அதைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 24. 'புளூட்டோ' என்ற பெயரைச் சொன்னவள் இங்கிலாந்தைச் சேர்ந்த வெனிஷியா பர்னி என்ற 11 வயதுச் சிறுமி.

டாம்பா பிறகுதான் பல்கலைக்கழகம் சென்று, 1936இல் பட்டம் பெற்றார்.

காலம் சென்றது. 1992 முதல், நெப்டியூனுக்கு அப்பால் பனிக்கட்டி உருண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்படத் தொடங்கின. 2005இல் அறிவிக்கப்பட்ட ஏரிஸ் ஏறக்குறைய புளூட்டோ அளவே இருந்தது. புளூட்டோ கோள் என்றால் ஏரிசும் கோள்தானே? இப்படியே போனால் எத்தனை என்று எண்ணுவது?

2006 ஆகஸ்டு 24ஆம் நாள், பிராக் நகரில் கூடிய உலக வானியலாளர்கள் விதி வகுத்தார்கள். கோள் என்றால் சூரியனைச் சுற்ற வேண்டும். உருண்டையாக இருக்க வேண்டும். தன் பாதையில் தானே பெரியதாக இருந்து, மற்றவற்றை அகற்றியிருக்க வேண்டும். புளூட்டோவுக்கு முதல் இரண்டும் உண்டு, மூன்றாவது இல்லை. அதன் குறுக்களவு 2,377 கிலோமீட்டர். நம் நிலாவைவிடச் சிறியது. ஆகவே சீரிஸ், ஏரிஸ் ஆகியவற்றோடு அதுவும் 'குறுங்கோள்' ஆயிற்று. சீரிசுக்கு இது புதிதல்ல. 1801இல் கண்டபோது அதையும் கோள் என்றுதான் எண்ணி, பிறகு நீக்கினார்கள்.

பெயர்தான் மாறிற்று, புளூட்டோ எங்கும் போய்விடவில்லை. சூரியனை ஒருமுறை சுற்ற அதற்கு 248 ஆண்டுகள். டாம்பா கண்ட நாளிலிருந்து இன்னும் ஒரு சுற்றுகூட முடியவில்லை! 2015 ஜூலை 14ஆம் நாள் 'நியூ ஹொரைசன்ஸ்' என்ற விண்கலம் அதன் அருகே பறந்து படம் எடுத்தது. நம் கினாபாலுவைவிட உயரமான, பனிக்கட்டியாலேயே ஆன மலைகளும் அங்கே நிற்கின்றன. இதய வடிவில் ஒரு வெண்ணிலப் பரப்பும் உண்டு. அதற்கு டாம்பாவின் பெயரையே வைத்துள்ளார்கள். 1997இல் மறைந்த அவருடைய அஸ்தியிலும் சிறிதளவு அந்தக் கலத்தில் சென்றது. பயிர் இழந்த விவசாயி மகன், தான் கண்ட உலகத்தின் பக்கத்திலேயே போய்விட்டார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்த மாணவனிடம், "அப்பா சொன்னது பொய்யல்ல, அவர் படித்த காலத்துக் கணக்கு அது. ஏன் மாறிற்று என்று இன்றிரவு நீ அவருக்குச் சொல்" என்றேன். அவன் தலையாட்டினான்.

பெற்றோர்களே! பிள்ளை புதிய கணக்கோடு வீட்டுக்கு வந்தால், "எனக்கென்ன தெரியும், நான் படிக்காதவன்" என்று ஒதுங்கிவிடாதீர்கள். "அப்போது ஒன்பது, இப்போது ஏன் எட்டு?" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் பிள்ளை பாடத்தைப் படித்திருக்கிறது. தெரியாவிட்டால் மறுநாள் என்னிடம் வந்து கேட்கும். இரண்டுமே நல்லதுதான்.