சக்கரத்துக்கு மை

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலை எங்கள் தெருவில் நடந்து சென்றால் ஒரு வேடிக்கை காணலாம். வருஷம் முழுதும் மழையிலும் வெயிலிலும் கேட்பாரற்றுக் கிடந்த வண்டிகளுக்கெல்லாம் அன்று திடீரென்று ராஜோபசாரம் நடக்கும். வாளி வாளியாகத் தண்ணீர், சோப்பு நுரை, கிழிந்த வேஷ்டித் துணி, கடைசியில் டயருக்குக் கறுப்பு மெருகு! இந்தக் கடைசி உபசாரத்தில்தான் சென்ற வருஷம் அடியேன் அகப்பட்டுக் கொண்டேன்.

கடையில் டயர் பாலிஷ் என்று கேட்டதற்குப் பீச்சும் டப்பா ஒன்றைக் கொடுத்தார்கள். உபாத்தியாயர் கை தாராளமாக இருப்பது அபூர்வம். அன்று என்னவோ தாராளமாகவே இருந்தது. நாலு சக்கரங்களுக்கும் சொட்டச் சொட்டப் பீச்சினேன். எண்ணெய்க் காப்புச் செய்த கருங்கல் விக்கிரகம் போல் டயர்கள் மின்னின. அந்தச் சந்தோஷத்தில் உடனே மனைவியுடன் கோயிலுக்குப் புறப்பட்டு விட்டேன். ஊர்ப்புறத்துக் கோயில், நல்ல சாலை, வேகமாகவே சென்றோம். போய் இறங்கிப் பார்த்தால், வெள்ளை வண்டியின் இரு விலாவிலும், சக்கரங்களுக்குப் பின்னால், அம்மை வார்த்தாற்போல் கரும்புள்ளிகள்! வெள்ளி நிற ரிம்களில் கறுப்பு தாரை தாரையாக வழிந்து, அதன்மேல் புழுதி அப்பியிருந்தது. இறங்கும்போது என் மனைவியின் பட்டுப் புடவைக் கரையில் பட்ட கறை இன்னும் போகவில்லை. அதைப் பற்றிய பேச்சும் இன்னும் ஓயவில்லை.

பௌதிகம் போதிக்கிறவன் இதை முன்னமேயே எதிர்பார்த்திருக்க வேண்டும். சாதாரணக் கார்ச் சக்கரம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் குறுக்களவு உடையது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அது ஒரு விநாடிக்குச் சுமார் ஒன்பது தடவை சுற்றுகிறது. அதன் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஒரு துளி அங்கேயே நிலைத்திருக்க வேண்டுமானால், அதன் சொந்த எடையைப் போல் தொண்ணூறு மடங்குக்கு மேற்பட்ட பலத்துடன் அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். ரப்பரில் ஊறிய மெருகு நிற்கும். அதன்மேல் மிதக்கும் மிச்சம் எப்படி நிற்கும்? வண்டியின் மேல் தெறித்த புள்ளிகள் யாவும் என் தாராள மனத்தின் புள்ளிகளே. குழந்தைக்குக் கண்மை இடுகிறோமே, விரல் நுனியில் தொட்டு இட்டால் அழகு. அள்ளி அப்பினால் கன்னமெல்லாம் மையாகும். சக்கரத்துக்கும் அதே கதைதான்.

பிறகு விஷயம் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கேட்டுக் கொண்டும், என் செலவில் பரீட்சை செய்து பார்த்தும் அறிந்தவற்றைச் சொல்லுகிறேன்.

முதலில் டயரின் பழுப்பைப் போக்க வேண்டும். ரப்பர் மரத்தின் பால் வெண்மையானது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டயர்களும் வெளிறிய நிறமாகத்தான் இருந்தன. நுண்ணிய கரித்தூளைச் சேர்த்தால் தேய்மானம் தாங்குகிறது என்று கண்ட பின்னரே அவை கறுத்தன. காற்றிலுள்ள ஓஸோன் ரப்பரை வெடிக்கச் செய்யாதிருக்க வேறு சில ரசாயனங்களையும் உள்ளே கலக்கிறார்கள். அவை நாளடைவில் மேலே கசிந்து வந்து பழுப்பாகப் படிகின்றன. அந்தப் பழுப்பின் மேல் மெருகிடுவது, முகம் கழுவாமல் பவுடர் பூசிக் கொள்வது போலாகும். ஆகையால் வண்டியை நிழலில் நிறுத்தி, டயர் சூடு ஆறிய பின், சோப்பு நீரும் முரட்டு பிரஷ்ஷும் கொண்டு தேயுங்கள். நுரை முதலில் காப்பி நிறமாக வரும். வெண்மையாக வரும் வரையில் விடக்கூடாது. பிறகு நன்றாக உலர வேண்டும். டயரில் பொறித்த எழுத்துக்களின் இடுக்கிலும் ரிம்மின் ஓரத்திலும் ஒளிந்திருக்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள்.

மெருகை ஒருபோதும் டயரின் மேல் நேராகப் பீச்சாதீர்கள். ஒரு ஸ்பாஞ்சுத் துண்டில், பழைய எட்டணாக் காசு அளவு விட்டுக் கொண்டால் ஆரம்பத்துக்குப் போதும். ரிம்மிலிருந்து ஒரு விரற்கடை தள்ளித் தொடங்கி, வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். ஸ்பாஞ்சு பாதி காய்ந்த பிறகே அதன் ஓரத்தால் ரிம்மை ஒட்டிய இடத்தைத் தொடலாம். அப்பொழுது இடக்கை விரலில் துணியைச் சுற்றி ரிம்மின் மேல் அணை போல் வைத்துக் கொள்ளுங்கள். தவறி ரிம்மில் பட்டுவிட்டால் சோப்பு நனைத்த துணியால் அப்பொழுதே துடைத்து விடுங்கள். கால் மணி கழித்து, உலர்ந்த பனியன் துணியால் டயரை ஒரு முறை அழுத்தித் துடைக்க வேண்டும். இந்தத் துடைப்பைத்தான் எல்லோரும் விட்டு விடுகிறார்கள்! பளபளப்பு குறைகிறதே என்று மனம் வராது. விரலால் தொட்டால் கறை படியாத அளவுக்குத் துடைத்து, இரவு முழுதும் நிறுத்தி வைத்துக் காலையில் எடுத்தால் ஒரு புள்ளி தெறிக்காது.

பால் போன்ற, தண்ணீரில் கலந்த மெருகு மங்கலான கருமை தரும். புழுதியும் குறைவாக ஒட்டும். எண்ணெய் போன்றது கண்ணைப் பறிக்கும், தெறிப்பதும் அதுவே. டீஸலும் பழைய எஞ்சின் எண்ணெயும் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவை ரப்பரில் ஊறி அதை உப்பவும் மிருதுவாகவும் செய்து விடும். சிக்கனம் என்று எண்ணி டயரையே கெடுத்துக் கொள்ள வேண்டாம்.

இதுவரை சொன்னது அழகைப் பற்றியது. கோயிலிலிருந்து திரும்பிய அன்றிரவு வாசலில் கண்டது வேறு. கல்லூரியில் படிக்கும் என் மகன் மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் சாவியும் கையுமாக நின்றிருந்தான். அதன் இரண்டு டயர்களும் தரையில் உருளும் பாகம் உட்பட ஜொலித்துக் கொண்டிருந்தன.

"அடே, என்ன காரியம் செய்தாய்?" என்றேன்.

"டப்பாவில் மிச்சம் இருந்ததப்பா. வீணாக்குவானேன்? ஒரு சுற்றுப் போய் வருகிறேன்" என்றான்.

எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. கார் நாலு காலில் நிற்கும். இரு சக்கர வண்டியோ வளைவில் சாய்ந்து, டயரின் ஓரத்தை நம்பியே திரும்புகிறது. அங்கே வழுக்கும் மெருகு இருந்தால் முதல் திருப்பத்திலேயே ஆள் கீழே. பீச்சிய வேகத்தில் முன்சக்கரத்து பிரேக் டிஸ்கிலும் துளிகள் விழுந்திருந்தன. பிரேக் கட்டைகள் அதை உறிஞ்சிக் கொண்டால் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது. சாவியை வாங்கி என் பையில் போட்டுக் கொண்டேன். இருவருமாக உட்கார்ந்து சோப்புப் போட்டு டயர்களை மூன்று முறை தேய்த்துக் கழுவினோம். டிஸ்கை மெக்கானிக் பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை என்று தீர்மானமாயிற்று. உள்ளே சுண்டல் ஆறிக் கொண்டிருந்தது. மறுநாள் பூஜை, பட்டறைகளில் வேலை கிடையாது. ஆகவே மோட்டார் சைக்கிள், சந்தனமும் குங்குமமும் இட்டுக் கொண்டு, இரண்டு நாள் திண்ணையோரத்திலேயே நின்றது.